பூசணிக்குத் தேனீயாகப் போனவர்

ஏப்ரல், ஞாயிறு ராத்திரி. மேலகரம்.

துபாயிலிருந்து லீவுக்கு வந்திருக்கிற என் வீட்டுக்காரர், போன வாரம் நான் செங்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, பூசணிக் கொடியைச் சுத்தி நின்ன தும்பையை எல்லாம் பிடுங்கி எறிஞ்சிட்டார். களையாம். அந்த வெள்ளைப் பூவுக்கு வர்ற தேனீதான் அப்படியே பூசணிக்கும் போகும். இப்போ ஒண்ணையும் காணோம். பிஞ்செல்லாம் பழுத்து உதிருது. தும்பையைப் பத்திக் கவலையில்லை. ஒரு மழை பெய்தால் தானா முளைச்சிரும்.

"தேனீ வேலைய நானே பாத்துக்கிடுதேன்"னு இன்னைக்கு விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போனார். ஆண் பூவைப் பறிச்சு, அடியில் பிஞ்சு இருக்கிற பெண் பூவில் தடவணும்னு சொல்லித்தான் அனுப்பினேன். போய்ப் பார்த்தா, பெண் பூவைப் பிஞ்சோட பறிச்சு, கொடியில் நிக்கிற ஆண் பூவில் தடவிக்கிட்டு இருக்கார்.

"வாப்பா, காய்க்க வேண்டியதப் பிச்சிட்டீங்களே"ன்னு மகள் சிரிச்சா. அவர் சிரிக்கலை. பிஞ்சைக் கையில் வச்சிக்கிட்டு அப்படியே நின்னார். எனக்குத் திட்ட மனசு வரலை.

ராத்திரி சாப்பிடும்போது அவரே சொன்னார். "நாளைக்கு விரியுத பூவ ஒழுங்கா செஞ்சிருவேன். அந்தக் காய் முத்துனதப் பாத்துட்டுத்தான் டிக்கெட் போடுவேன்."

சரின்னேன். நாளைக்குச் சரியா செஞ்சிருவார். காயும் பிடிக்கும். கொடி நுனியில் இலைக்குள்ள இன்னும் நாலஞ்சு பெண் மொட்டு ஒளிஞ்சிருக்கு. அவருக்குத் தெரியாது. ஒவ்வொண்ணாத்தான் காட்டுவேன்.