வியாழக்கிழமை வாட்ச்

நாகமலை புதுக்கோட்டை,
8-1-1977

அன்புள்ள மாப்ள சௌரிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் யுனிவர்சிட்டி பரீட்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி என் மேஜைக்கு முன்னால் நின்று, "மணி என்ன?" என்று கேட்டார். நான் மணிக்கட்டைக் கம்பீரமாகத் தூக்கிப் பார்த்து, "நாலேகால் சார்" என்றேன். அப்போது காலை பதினொன்று. என் வாட்ச் தீபாவளியிலிருந்து நாலேகாலில்தான் நிற்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்தால் கை மொட்டையாகத் தெரியுமே என்று அப்படியே கட்டிக்கொண்டு திரிகிறேன். அதிகாரி அத்தோடு போய்விட்டார். மற்றவர்கள் விடவில்லை. காலையில் நான் உள்ளே நுழையும்போதே, "அண்ணே, நாலேகால் ஆயிருச்சே, கிளம்பலயா?" என்கிறார்கள்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெயக்கொடிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை முத்துக்கருப்பன், உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். தங்கமான பையன். பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அப்பா விருமாண்டி பேசுகிறார். நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பையனுக்கு ஒரு பாரின் வாட்ச் மட்டும் போட்டுருங்க" என்றார். "நம்ம ஊரு வாட்ச்சும் நல்லாத்தானே ஓடுது" என்றேன். (என் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.) "ஓடுனா என்ன, நின்னா என்ன? நாளைக்கு வித்தா எம்புட்டுக் கிடைக்கும், அதச் சொல்லுங்க" என்கிறார்.

இப்போது இருக்கிற எமர்ஜென்சிக் கெடுபிடியில் பாரின் வாட்ச்சுக்கு நான் எங்கே போவேன்? டவுன்ஹால் ரோட்டில் பாரின் சாமான் விற்றவர்களெல்லாம் சீப்பும் கண்ணாடியும் விற்கிறார்கள். வாட்ச் என்று வாயைத் திறந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். உன்னிடம் கிழமைக்கு ஒன்றாக ஏழு இருக்கிறதே. அதில் ஒன்றை, நீ வாங்கின விலைக்கு எனக்குக் கொடு. இன்றைய விலையைக் கேட்டுவிடாதே. பெண்ணைப் பெற்றவன் பொசுக்கென்று போய்விடுவான்.

ராதாமணி தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
காசிமாயன்


மாட்டுங்கா, பம்பாய்,
21-1-1977

அன்புள்ள காசி,

ஜெயக்கொடிக்கு எங்கள் ஆசி. ராதாமணிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி இன்னும் எழுந்து நடக்கவில்லை. கல்யாணத்துக்கு வர முடியாது. பத்திரிகை மட்டும் தவறாமல் அனுப்பு. சாமி அலமாரியில் வைக்க வேண்டும் என்கிறாள்.

வாட்ச்சை விற்க மாட்டேன். இதுவரை ஒன்றையும் விற்றதில்லை. இங்கே என்னை வழியில் மறித்து விலை கேட்கிறார்கள். எனக்கு விலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை. நூல் கம்பெனியில் நாள் முழுக்க விலைதான் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் அவை ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெயக்கொடிக்காக ஒன்றைக் கொடுக்கிறேன். வியாழக்கிழமைக்கு நான் கட்டுவது. ஸ்விஸ் ஆட்டோமேட்டிக், வெள்ளை டயல், பின்மூடியில் கடல்குதிரைப் படம். சாவி கொடுக்க வேண்டாம், கட்டியிருந்தால் கை ஆடுகிற ஆட்டத்திலேயே ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிப் பிசினாகிவிடும். ஆகையால் ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை தினமும் கட்ட வேண்டும்.

தம்பி ஜனகராஜ் அடுத்த வாரம் மதுரைக்கு வருகிறான். தன் கையில் கட்டிக்கொண்டு வந்து உன்னிடம் கழற்றித் தருவான்.

உன் அன்புள்ள,
சௌரிராஜன்


நாகமலை புதுக்கோட்டை,
6-3-1977

அன்புள்ள மாப்ளைக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகை வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தாய். எங்கள் தபாலாபீஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? ஒன்றுகூட மிச்சமில்லை, இருந்தால் இன்னொன்று அனுப்பமாட்டேனா? எல்லாவற்றையும் உறவுக்காரர்கள் வாங்கிப்போய் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனகராஜ் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினேன். என்ன கனம் மாப்ள. காதில் வைத்துக் கேட்டேன். உன் தங்கச்சி முத்துத்தாய் பார்த்துவிட்டு, "டாக்டரு கணக்கா என்ன செய்றீக?" என்றாள்.

நீ போட்ட நிபந்தனையைச் சம்பந்தியிடம் சொன்னேன். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதே பையன் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றி வேட்டி மடியில் முடிந்துவிட்டார். "கட்டுனா கீறல் விழும். ஒரு கீறலுக்கு அம்பது ரூவா கொறையும்" என்கிறார். பீரோவில் வைத்தால் திருடன் முதலில் அங்கேதான் போவானாம். அதனால் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய, பெண்ணைக் கொடுத்தவன்.

மூட்டுவலி. பந்தலுக்கு நாலு தடவை நடந்ததற்கே ஒரு மாதமாகப் படுத்துகிறது.

உன்,
காசிமாயன்


மாட்டுங்கா,
20-3-1977

அன்புள்ள காசி,

அரிசிக்குள் வைக்கலாகாது, தூசு போகும். அதை மட்டுமாவது அவரிடம் சொல். முடிந்தால் பையனிடம் தனியாகப் பேசி, அதைக் கட்டிக்கொள்ளச் சொல்.

வியாழக்கிழமைகளில் வெறுங்கையோடு ஆபீஸ் போகிறேன். வேறு ஒன்றைக் கட்டலாமே என்று ராதாமணி கேட்கிறாள். தோன்றவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் மணி தெரியாமல் இருப்பதும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

சௌரி


நாகமலை புதுக்கோட்டை,
11-9-1977

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் எழுதவில்லை என்று கோபிக்காதே. ஐந்து மாதமாக விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் குடியிருக்கிறேன். எழுதுகிற எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருக்கிறது.

சம்பந்தி கதையைக் கேள். மாதம் பிறந்ததும் பஸ் ஏறி டவுன்ஹால் ரோட்டுக்கு வந்துவிடுகிறார். அங்கே ஒரு வாட்ச் கடை. வாட்ச்சைக் கொண்டுவர மாட்டார். கடைக்காரரிடம், "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். வெள்ளை டயலு, பின்னாடி கடல்குதிரை. என்ன வெலைக்கு எடுப்பீங்க?" என்று கேட்பார். ஏப்ரலில் ஆயிரம் என்றாராம். ஜூனில் ஆயிரத்து இருநூறு. போன வாரம் ஆயிரத்து நானூறு. கடைக்காரரே அலுத்துப்போய், "அண்ணே, விக்கிறதா இருந்தா கொண்டாங்க. வெல கேக்க மட்டுமே வந்தா நான் பெஞ்சுக்கு வாடகை வாங்கணும்" என்றாராம். அதற்கும் கோபப்படாமல் சிரித்துவிட்டு வெளியே வருகிறார். அந்தப் பணம் மடியிலேயே இருக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். ஆனால் ஒரு டீ குடிக்கச் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவார்.

நானும் முதலில் கேலிதான் செய்தேன். பிறகு யோசித்தால் பாவமாக இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தன் கையில் வந்ததெல்லாம் தேய்ந்துகொண்டே போனதைப் பார்த்தவர். ஏதோ ஒன்று, நாம் ஒன்றும் செய்யாமலே, அரிசிக்குள் கிடந்தபடியே விலை ஏறுகிறது என்றால் அந்த மனுஷனுக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும் அல்லவா? விற்கவும் மனசு வராது, அடுத்த மாதம் இன்னும் ஏறுமே. கட்டவும் மனசு வராது, கீறல் விழுமே. அப்படியும் இப்படியும் அவஸ்தை. ஏழு வாட்ச் வைத்திருக்கிற உனக்கு இது புரியாது. கோபித்துக்கொள்ளாதே.

உன்,
காசிமாயன்


நாகமலை புதுக்கோட்டை,
30-1-1978

அன்புள்ள மாப்ளைக்கு,

இதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று பொங்கலிலிருந்து பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். சம்பந்தி வாட்ச்சை விற்றுவிட்டார். ஆயிரத்து எழுநூறு. கடைக்காரர் பணத்தை எண்ணி வைத்த பிறகும் எழுந்திருக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "இன்னும் என்னண்ணே?" என்று கேட்டதற்கு, "அடுத்த மாசம் வெல ஏறுமா?" என்றாராம். விற்ற பிறகு அது எதற்கு?

அன்று வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் மடியிலிருந்த வெற்றிலையைக்கூட எடுக்கவில்லை. எனக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. நீ திட்டிக்கொள். கடிதம் முழுக்கத் திட்டினாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

உன்,
காசிமாயன்


மாட்டுங்கா,
14-4-1978

அன்புள்ள காசி,

யாரையும் திட்டவில்லை. ஒரு செய்தி மட்டும்.

நான் வழக்கமாகப் போகும் வாட்ச் வியாபாரி போன வாரம் ஆள் அனுப்பினார். "உங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒன்று வந்திருக்கிறது, வேறு யாருக்கும் காட்டவில்லை" என்றார். வெள்ளை டயல். திருப்பிப் பார்த்தேன். கடல்குதிரையின் வாலுக்குப் பக்கத்தில், அறுபத்தொன்பதில் ரயில் ஜன்னலில் உரசி நான் போட்ட கீறல். ஓடவில்லை. மூடியிடுக்கில் தவிடு.

மூவாயிரத்து அறுநூறு சொன்னார். "இப்போது இது கிடைப்பதே இல்லை, அடுத்த வருஷம் ஐயாயிரம் போகும், உங்களுக்கு நல்ல முதலீடு" என்றார். என் வாட்ச்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விலையை ஏற்றுவார். வாங்கிவிட்டேன். ராதாமணி எங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னதை உனக்கு மொழிபெயர்க்க மாட்டேன்.

சுத்தம் செய்து எண்ணெய் போட்டதும் ஓடுகிறது. இப்போது மறுபடியும் வியாழக்கிழமை கட்டுகிறேன்.

மே மாதம் இருவரும் மதுரைக்கு வருகிறோம். செல்லூரில் தம்பி வீட்டில் தங்கல். ஜெயக்கொடியைப் பார்க்க வேண்டும். உன் சம்பந்தியையும் ஒரு தடவை பார்க்க ஆசை. சண்டைக்கு அல்ல. இத்தனை கடிதத்தில் அவரைப் பற்றிப் படித்துப் படித்து எனக்கே நெருங்கியவர் மாதிரி ஆகிவிட்டார்.

சௌரி


நாகமலை புதுக்கோட்டை,
25-4-1978

மாப்ளைக்கு அவசரமாக,

மூவாயிரத்து அறுநூறா? சம்பந்தி கேட்டால் படுத்துவிடுவார். சொல்லப்போவதில்லை.

நீங்கள் வருவதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் இந்த வெயிலில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகாதே. பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அந்தத் தெருவில் அம்மை வேறு போட்டிருக்கிறதாம். சம்பந்தியும் ஊரில் இல்லை. காசிக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஜெயக்கொடியை நானே இங்கே வரவழைக்கிறேன். என்றைக்கு என்று பிறகு எழுதுகிறேன். அதுவரை கிளம்பாதே.

காசிமாயன்


மாட்டுங்கா,
19-5-1978

அன்புள்ள காசிமாயனுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம்.

பதினோராம் தேதி, வியாழக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்தோம். நீ பரீட்சை டூட்டிக்குத் தேனி போயிருப்பதாக முத்துத்தாய் சொன்னாள். "நேத்து ராத்திரி வரைக்கும் டூட்டி இல்லண்ணே. காலைல சட்டையை மாட்டிக்கிட்டுத் திடீர்னு கிளம்பிட்டாரு" என்றாள். வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். உன் வாட்ச் ஜன்னலில் கிடந்தது, நாலேகால். அதை வாங்கிக்கொண்டுபோய்ச் செல்லூர் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கூலி கொடுத்தாயிற்று. போய் வாங்கிக்கொள்.

மத்தியானம் உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தெருவில் அம்மை இல்லை. ஜெயக்கொடி நன்றாக இருக்கிறாள். ஐந்து மாதம் என்று ராதாமணியிடம் மட்டும் சொன்னாள். உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் மருமகன் நீ எழுதிய மாதிரியே அதிகம் பேசவில்லை. கையில் நம் நாட்டு வாட்ச், கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதாம். காப்பி குடிக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சார், ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார். கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். திருப்பிப் பார்த்து, "இது என்ன, குதிரை மாதிரி இருக்கு? இப்படி ஒரு வாட்ச்சை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். அது கடல்குதிரை என்று மட்டும் சொன்னேன்.

ஜன்னல் ஓரத்தில் புதுத் தையல் மிஷின் இருந்தது. பொங்கலுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது என்று ஜெயக்கொடி ராதாமணிக்கு மிதித்துக் காட்டினாள். தெருவில் எல்லோருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாளாம். நல்ல மிஷின். உனக்கு எப்போதாவது மிஷின் வேண்டியிருந்தால், மிஷின் என்றே எழுதியிருக்கலாம். நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் தெரியும்.

வாட்ச்சை அவர் கையிலேயே விட்டுவிட்டு வரலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது மிகவும் களைப்பாக இருந்தது.

பதில் எழுத அவசரமில்லை.

இப்படிக்கு,
டி. கே. சௌரிராஜன்

பி.கு.: கூடத்தில் உன் சம்பந்தியின் படம் மாட்டியிருக்கிறது. ஜெயக்கொடி அன்று புதுப் பூ வைத்திருந்தாள். "மாமனாரை நானே பாத்ததில்ல மாமா, படத்துலதான்" என்றாள். படத்துக்குக் கீழே 'மறைவு: 4-11-1971' என்று எழுதியிருந்தது.