மெழுகு விருந்து

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே நானும் நம் வாலுவும் நலம். அவளுக்கு ஒரு முன்பல் விழுந்துவிட்டது. வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஹோட்டலில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த இடம் என்றால் சும்மாவா? தாராளமாகப் போடு என்று எழுதி, உறையைக்கூட ஒட்டிவிட்டேன். தபாலில் சேர்க்கத்தான் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் பட்டறைக் கதையைக் கேள்.

உலக உணவுக் கண்காட்சியைத் திறந்தாயிற்று. நாற்பது நாட்டுச் சாப்பாடு, எல்லாம் என் கையால் வார்த்த மெழுகு. நீ எழுதியபடியே பீட்சாவின் ஓரத்தை அங்கங்கே கருக்கினேன். பீட்ரூட் சூப்புக்கு நீ சொன்ன சிவப்பு வருவதற்குள் நாலு நாள் வர்ணம் குழைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது மோமோ என்கிற அந்தக் குட்டிக் கொழுக்கட்டை ஒன்றுதான். படத்தில் அளவு தெரியுமா என்ன? ஒவ்வொன்றையும் தேங்காய் அளவுக்கு வார்த்து வைத்துவிட்டேன். பார்க்க வந்த ஒருவர், இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வாய் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மேனேஜரிடம் விசாரித்திருக்கிறார். மானம் கப்பலேறியது.

காலையில் கூடம் திறப்பதற்கு முன்பே தூசி தட்டப் போய்விடுவேன். மேல் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் மெழுகு லேசாக வியர்க்கும். எல்லாத் தட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது போல மினுங்கும். ஜப்பானிலிருந்து மெக்சிகோவுக்குப் பத்தடி தூரம். சுஷியைத் துடைத்துவிட்டு டாக்கோவுக்கு நடப்பதற்குள், பின்னால் எங்கோ நீ கரண்டி போடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் நீ இருக்க மாட்டாயே. சில நாள் வாசனைகூட வருகிறது. நாற்பது நாட்டுக்கும் ஒரே வாசனைதான். வேலை முடிந்து வந்து நீ கூந்தலை அவிழ்த்தால் வருமே, அது.

போன ஞாயிற்றுக்கிழமை வாலுவையும் கூட்டிப் போனேன். பீட்சாவின் முன்னால் நின்றுகொண்டு, இதை யார் செய்தது என்று கேட்டாள். எனக்கு என்ன வந்ததோ, அம்மா செய்து அனுப்பியது என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டறையிலிருந்து தூரிகை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு துண்டைக் கடித்திருந்தாள். பயப்படாதே, டாக்டரிடம் காட்டிவிட்டேன், ஒன்றுமில்லை. ஆனால் அவள் அழவும் இல்லை, துப்பவும் இல்லை. என்னைப் பார்த்ததும் மென்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். நான்தான் வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு எடுத்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியில், நம் தெரு முனையில் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மாவுக்கு சமைக்கவே மறந்துபோச்சாப்பா?" என்று கேட்டாள். பிறகு, "நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க, அம்மா பாவம்" என்றாள்.

எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன். அது அம்மா செய்ததில்லை, வெறும் மெழுகு என்று அன்றே அவளிடம் ஒப்புக்கொண்டேன். நம்பவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

நீ உழைத்து வாங்கிய இடம் அது, தெரியும். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. பிள்ளையைச் சாக்கு வைத்துக் கேட்கிறேன் என்று நினைக்காதே. எனக்கும் நீ இல்லாமல் முடியவில்லை. இதை நேரில் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்காதே. புறப்படும் தேதியை மட்டும் எழுது. நீ வந்து இறங்கும் அன்று நாங்கள் இருவரும் சாப்பிடாமலேயே வந்து நிற்போம்.

உன்,
மெழுகுக்காரன்