எரித்தது தண்ணீர் இல்லை

"கார் கழுவுறேன்னு ஆம்ப்ளிபயர்ல தண்ணி ஊத்தினியா?" என்று, காரில் பாட்டுக்காக மாட்டியிருந்த ஆம்ப்ளிபயர் எரிந்துபோன அன்று அண்ணன் தங்கையிடம் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இன்று அவன் புது ஆம்ப்ளிபயர் மாட்டப்போகிறான் என்றதும், தங்கை ஒரு சீட்டு எழுதிச் சோற்றுத் தட்டின்மேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் புகுந்துகொண்டாள்.

"அண்ணா, சோத்தைச் சூடு பண்ணிக்கோ. பழசை எரிச்சது தண்ணி இல்ல, நீதான். உன் ஸ்பீக்கர் ரெண்டும் தலா ரெண்டு ஓம் தடை. நீ மாட்டின மாதிரி ரெண்டையும் இணையா மாட்டினா ஒரு ஓம்தான் வரும். ரெண்டு ஓமுக்குக் கீழே போனா ஆம்ப்ளிபயர் தாங்காதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. ஒண்ணோட மைனஸை அடுத்ததோட பிளஸ்ல கோத்துடு, நாலு வரும். இதுவும் எரிஞ்சா என் தலையில கட்டாதே.

பி.கு. படம் பின்பக்கம். குளியலறையைத் தட்டாதே, நான் உள்ளே இல்ல."

கதவிடுக்கு வழியே அவள் பார்த்தாள். அண்ணன் படித்தான், தாளைத் திருப்பினான். பிறகு அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஸ்குரூடிரைவரோடு காருக்குப் போனான்.