பாதி இறங்கிய ஷட்டர்கள்

ஞாயிறு, இரவு.

நான் வாசிக்கக் கற்றுத்தரும் பிள்ளைகளின் பேண்டு இன்று முதல்முறையாகத் தெருவில் இறங்கியது. புதிதாக டிரம்பெட் பிடித்தவர்கள்; மெதுவாக வாசித்தால் தப்பு வராது என்று நான்தான் சொல்லியிருந்தேன். எனக்குப் புத்தி வேண்டாமா? இந்த ஊரில் பேண்டு மெதுவாக வந்தால் பின்னால் பாடை வருகிறது என்று அர்த்தம். பட்டுக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள். பூக்காரம்மா, "யாருபா தவறிட்டாங்க?" என்று என்னிடம் கேட்டேவிட்டார்.

வாசிப்பு நின்றுபோனது. கூட நடந்து வந்த பெற்றோரை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. 'சாவு பேண்டா?' என்று தயங்கித் தயங்கிப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பியவர்கள்.

டிரம் அடிக்கும் நிவேதா திரும்பினாள். "சார், வேகமா எடுக்கலாம். தப்பு வந்தா வந்துட்டுப் போவுது." நான் வாயைத் திறப்பதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். தப்பு ஏராளமாக வந்தது. ஷட்டர்களும் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

திரும்பும்போது பூக்காரம்மா வழிமறித்தார். "தை மாசம் எங்க பொண்ணு கல்யாணம். பசங்கள இட்டுக்கினு வந்து வாசிபா. மொதல்ல வாசிச்சீங்களே, அது மட்டும் வேணாம்."