பெட்டியின் மேல் இருந்த கை

உப்புவெளி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புத் தம்பி இராகுலனுக்கு,

அக்கா ஜெயரூபி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் கீர்த்தனியும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கோணேசர் துணை நிற்கட்டும். கனடாவில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

போன் இருக்க அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன கிழமை உனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். வாக்கு எண்ணத் தொடங்க முன்னம் கரண்ட் போனது உண்மைதான், ஆனால் பெட்டியை ஒருத்தரும் மாத்தேல்லை என்று சொன்னேன். நீ 'உண்மைதான்' வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்தாய். வேட்பாளரின் மனைவியே ஒப்புக்கொண்டார் என்று தலைப்பும் போட்டு, வீடியோவாக்கி உலகம் முழுக்க விட்டாய். அடேய், நான் தூக்கி வளர்த்த பிள்ளையடா நீ! அதனால்தான் கடதாசி. கடதாசியை வெட்டினால் வெட்டின இடம் தெரியும். அடுத்த வீட்டு யதுர்சன் புதன்கிழமை அங்கே வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

பிரதேச சபைத் தேர்தலில் உன் அத்தான் தோற்றது உனக்கு எவ்வளவு நோவென்று எனக்குத் தெரியும். நோட்டீசுக்கு வசனம் எழுதியது நீ. அங்கே இருந்துகொண்டே ஊர்ச்சனத்தைப் போனில் பிடித்து வாக்குக் கேட்டதும் நீ. எதிர்த்து நின்ற றம்ஸான் கொஞ்ச வாக்கில்தான் வென்றார்.  நானும் குசினிக்குள் போய் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் தோற்றது தோற்றதுதான்.

இருட்டில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும் என்று உன் வீடியோவில் கேட்கிறாய். எனக்குத் தெரியும் தம்பி. அத்தானின் முகவராக அந்த மண்டபத்துக்குள் நின்றது நான்தானே. பெட்டி மேசையில் இருந்தது, இன்னும் திறக்கவில்லை. வெளியே மழை இருட்டு. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. படக்கென்று கரண்ட் போய்விட்டது. போன்களை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தார்கள், அதனால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வாக்கெண்ணுவதற்குப் பொறுப்பாக இருந்த பரீதா ரீச்சர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டுவது போல, ஒருத்தரும் இடத்தை விட்டு அசையப்படாது, முகவர்மார் மட்டும் ரெண்டு கையையும் பெட்டிக்கு மேல வைங்க, லைட் வரும்வரைக்கும் எடுக்கப்படாது என்றார். வைத்தோம். என் கைக்குக் கீழே றம்ஸானின் முகவர் றிஷானாவின் கை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை, அன்ரி, மூக்குக் கடிக்குது என்று முனகினாள். சொறியப்படாது பிள்ளை என்றேன். இரண்டு பேரும் இருட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். வெளிச்சம் வந்தபோது முத்திரையின் மேல் நான் வைத்த கையெழுத்து வைத்தபடியே இருந்தது. என் கண்ணுக்கு முன்னால்தான் அதை உடைத்துத் திறந்தார்கள்.

இரண்டு பெடியன்கள் மண்டபத்தின் பின்பக்கத்தால் ஒரு பெட்டியைத் தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றுகிறார்கள், அதுதான் களவாடின வாக்குப்பெட்டி என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாய். தலையில் அடித்துக்கொண்டேன். வடிவாகப் பார். அது அப்பாவின் மீன் பெட்டி! மூலை உடைந்ததற்கு நீயே பச்சை டேப் ஒட்டின, ஐஸ் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி. வெளியே நின்ற எங்கள் பெடியன்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் அதில்தான் அனுப்பினேன். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போகிறார்கள். அதற்குள் வாக்கு இல்லையடா, குழம்பு வாசம்தான் இருந்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற விசயமாக இருந்தால் நல்லது. ரீச்சரின் படத்தையும் நீ போட்டுவிட்டாய். அவரின் வாசல் கேற்றில் யாரோ கழிவு ஒயில் ஊற்றியிருக்கிறார்கள். அவரை வேலையால் நிற்பாட்டச் சொல்லி மனுவும் போயிருக்கிறது. அவரின் மகள் நப்லா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை உன் கூட்டாளிமார் சந்தியில் மைக் கட்டினார்கள். கூட்டம் முடிய ரீச்சரின் வீட்டுக்கு ஊர்வலம் போவதாகத் திட்டம். அத்தானைப் பேசக் கூப்பிட்டார்கள். உனக்குத் தெரியும்தானே, அந்த மனிசனுக்கு மேடையில் நாக்கு ஒட்டிவிடும். தேர்தல் முழுக்க அதற்காக நான் அவரைப் பேசாத பேச்சில்லை. அன்றைக்கு மைக்கை வாங்கி, நான் தோத்தனான், சனம் மற்றவருக்குப் போட்டது, அவ்வளவுதான் கதை என்றார். ரீச்சர் வீட்டுக்குப் போறதெண்டால் நானும் வாறன், ஆனால் அவவின்ர வாசலில உங்களைப் பார்த்துத்தான் நிப்பன் என்றார். சொன்னபடி முன்னால் போய் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வந்த சனம் நாலு பேச்சுப் பேசிவிட்டுக் கலைந்துபோனது.

பிறகு அத்தான் மண்ணெண்ணெய் வாங்கி வந்து, ஒயில் போக அந்தக் கேற்றை உரஞ்சத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் றம்ஸான் இன்னொரு பிரசோடு வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அத்தான் வேட்புமனுக் கொடுக்கத் தைத்த வெள்ளைச் சேட்டு முழுக்க ஒயில். தோய்த்துப் பார்த்தேன், கறை போகவில்லை. எறியவும் மனம் வரவில்லை, மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அவர் வென்று மாலையோடு வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்திருக்காது. யோகலிங்கத்தின் மனிசி என்று சொல்லிக்கொண்டு இப்போது நான் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போகிறேன்.

பெட்டி மாறியது என்று நீ எழுதி அனுப்பச் சொன்ன சத்தியக் கடதாசியில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். ஆனால் அடுத்த மாதம் ரீச்சரின் விசாரணைக்குச் சாட்சியாகப் போகிறேன். உங்கள் குரலை வெட்டினது யார் என்று அங்கே கேட்பார்கள். பொய் சொல்ல எனக்கு ஏலாது. என் வாயால் உன் பேரைச் சொல்ல வைத்துவிடாதே தம்பி. அதற்கு முன்னம், அந்த வீடியோவில் காட்டின அதே முகத்தைக் காட்டி, நான் பிழை விட்டுவிட்டேன் என்று நீயே சொல்லிவிடு.

ஒன்றை மட்டும் யோசி. பெட்டி மாறியது என்றால் மாற்றினது யார்? இருட்டில் அதன் மேல் இருந்தது ரீச்சரின் கை இல்லை. உனக்குச் சோறு குழைத்து வாயில் தீத்தின கை. நீ ஊருக்கு முன்னால் கள்ளி என்றது என்னை.

சின்னவள் வளர்ந்து மாமா தேர்தலில் என்ன ஆனார் என்று கேட்டால், தோற்றவர் என்று பெருமையாகச் சொல்லிக் கொடு. உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன்.

என்றும் உன் அக்கா,
ஜெயரூபி