கிளம்பும் முன் ஒரு நிமிடம்

மார்ச் 14, காலை 6.20. விண்வெளி நிலையத்தில் ஏழு பேர். ஏழு பேரும் நலம். அம்மாவுக்கு ரோதியோனின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று வெளியே ஆண்டெனா மாற்றும் வேலை. உடை மாட்டியதும் நான் கதவைத் திறக்கப் போனேன். கூட வந்த ஜப்பான்காரர் தகுமி விடவில்லை.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உட்காரணும். உங்க ருஷ்ய வழக்கம்தானேப்பா?"

"மிதக்கிற இடத்துல எங்க உட்கார்றது? நேரமாச்சு."

"என்ன அவசரம்? நிலையம் நம்மளை விட்டுட்டு ஓடாது, ஓடினா நம்மளையும் கூட்டிக்கிட்டுத்தான் ஓடும். உட்காரு!"

தோளைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அப்போதுதான் என் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி பூட்டாமல் இருந்ததைப் பார்த்தார். பூட்டிவிட்டார். வேலை நன்றாக முடிந்தது, கவலை வேண்டாம்.

அடுத்த சரக்குக் கலத்தில் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். இங்கே மிதந்துபோகாமல் நிற்கப் பாதத்தைக் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொள்வதால், அதன் மேல்பக்கம்தான் தேய்கிறது. நீங்களே பின்னியதாக இருக்கட்டும். தொடர்பு நேரம் முடிகிறது. இனிச் செய்யப்போவது:

1. கொக்கியை இருமுறை பார்ப்பேன்.
2. தகுமிக்கு நன்றி சொல்வேன், இன்னும் சொல்லவில்லை.
3. அடுத்த முறை வீட்டிலிருந்து கிளம்பும்போது, நீங்கள் எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன்.