பழைய முறையில் ஒரு பாஸ்வேர்டு

இன்று காலை அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி இயக்கினேன். டேட்டாபேஸுக்குள் நுழையப் போனால், இந்த மென்பொருள் பழையது, புதிய சர்வர் பாஸ்வேர்டு கேட்கும் முறை இதற்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. ஜீவனஹள்ளியில் உன் சாவு வீட்டிலும் இப்படித்தான் இருந்தேன். யாரோ கொடுத்த டீயை முழுசாகக் குடித்தேன்.

பொம்மசந்திராவில் அந்த உதிரிபாகக் கம்பெனியில் நீ ஸ்டோர்ஸில் பாகங்களின் எண்களைப் பதிவு செய்தாய். நான் சர்வரைப் பார்த்துக்கொண்டேன். மாலையில் கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைப்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரைப் புதுப்பித்தேன். திங்களன்று ஸ்டோர்ஸில் எல்லாத் திரையிலும் இதே வரி. எல்லாருக்கும் புது மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். நீ மட்டும் என் இருக்கைக்கு வந்தாய்.

"எனக்கு மட்டும் பழசே இருக்கட்டும் மா."

"சோம்பேறி. ரெண்டு நாள்ல பழகிடும் போ."

குரலைத் தாழ்த்தினாய். "அதுல கறுப்பு மேல வெள்ளையா பெரிய எழுத்து. புதுசுல ஒண்ணுமே தெரியல. சுகர் கண்ணுக்கு வந்துடுச்சாம், கண்ணாடி போட்டாலும் ஆகாதாம். மேனேஜருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அம்மாவுக்கு நான் ஒருத்திதான்."

புதியதில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பாதிக் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. கடைசியில் உன் பாஸ்வேர்டை மட்டும் சர்வரில் பழைய முறையிலேயே வைத்தேன். பாதுகாப்பு குறைவு, விதிப்படி கூடாது. ஆனால் உன் பழைய திரை திறந்தது. "ஆய்த்து!" என்று கன்னடத்தில் சொல்லி என் கையைக் கிள்ளிவிட்டு ஓடினாய். அதன்பின் இரண்டு வருடம், உன் பதிவில் ஓர் எண்கூடத் தவறவில்லை.

பிறகு ஆடிட் வருகிறது என்றார்கள். ஒரு படிவம் தந்தார்கள். எல்லாப் பாஸ்வேர்டும் புதிய முறையில் உள்ளதா, இல்லையென்றால் காரணம் என்ன என்று கேட்டு ஒரு கட்டம். உன் கண்ணைச் சொல்லாமல் என்ன எழுதுவது? இப்போது யோசித்தால் பத்துக் காரணம் தோன்றுகிறது. அன்று, என் படிவத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலை உன் பாஸ்வேர்டையும் புதிய முறைக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். மறுநாள் குழம்புக்கு அவரைக்கொட்டை பிதுக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாய். பொம்மனஹள்ளியில் நான் இறங்கும்வரை உன்னிடம் சொல்லவில்லை.

திங்களன்று உனக்குத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் உன்னைப் புது மென்பொருளின் முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்றார். மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் போகச் சொல்வதற்கு முன் நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாய்.

கடைசி நாள் என்னிடம் வந்து நின்றாய்.

"மேலேருந்து பழசை எடுக்கச் சொல்லிட்டாங்களா?"

"ஆமா."

"நீ என்ன பண்ணுவே, பாவம். ரெண்டு வருஷம் எனக்காக வெச்சிருந்தியே, அதுவே பெரிசு மா."

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆடிட்காரர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். அந்தக் கட்டம் இருந்த பக்கத்தை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு நான்கு வருடம் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீதான் போன் செய்வாய். உடம்பு எப்படி என்று நான் கேட்பதற்குள், அந்த இரண்டு வருடத்துக்கு நன்றி சொல்லிவிடுவாய். "அதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்பேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னேன். நீ சொன்ன நன்றி ஒன்றைக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது.